கடைசி மில்லிகிராமைப் பிடிக்கும் களிமண்

பெங்களூரில் இரண்டு நாள் அடித்துப் பெய்தால் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும். ஓசூர்க்காரர்களுக்கு இது பழகிப்போன செய்தி. 2024 அக்டோபர் மழையில் நந்திமங்கலம் பக்கத்துத் தரைப்பாலத்தையே நுரை மூடிவிட்டது. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழிந்து வருவதையும் வாங்கிக்கொண்டு, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து இந்த அணைக்கு வருகிறது. 2017இலும் 2018இலும் தீப்பிடித்து எரிந்த பெல்லந்தூர் ஏரிதான் அது. அங்கிருந்து வரும் சோப்பும் சலவைத்தூளும் கலந்த தண்ணீர் மதகிலிருந்து விழும்போது காற்று புகுந்து நுரையாகிறது. அதே தண்ணீர்தான் கால்வாய் வழியாகக் கொத்தமல்லிக்கும் தக்காளிக்கும் முட்டைக்கோசுக்கும் ரோஜாவுக்கும் பாய்கிறது.

நுரையைப் பலரும் படம் பிடித்துவிட்டார்கள். நுரைக்காத, நிறம் காட்டாத, மணக்காத அழுக்கு ஒன்று இருக்கிறது. அதை யாரும் படம் பிடிக்க முடியாது. அதைப் பிடிப்பதற்கு வேதியியல் அறிஞர்கள் களிமண்ணையும் கூழையும் சேர்த்து ஒரு மணியை உருட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த மணி பெரிய அதிசயமாகத் தோன்றுகிறது. அதை எங்கே வைக்க வேண்டும் என்ற கேள்வி அதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது.

ஓசூருக்கு 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. வாகனத் தொழில் வளர வளர, போல்ட், ஸ்பிரிங், கைப்பிடி என்று உதிரிபாகங்களுக்கு நிக்கலும் குரோமியமும் துத்தநாகமும் பூசிக் கொடுக்கும் பிளேட்டிங் பட்டறைகளும் வந்தன. பொருளை ஜிக்கில் மாட்டி டேங்கில் இறக்குவார்கள். மின்சாரம் பாயும். பளபளவென்று வெளியே எடுத்ததும் அடுத்தடுத்த டேங்குகளில் முக்கி அலசுவார்கள். குரோம் டேங்குக்கு அடுத்த அலசல் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சள், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். தோலில் பட்டால் புண்ணாக்கும்; ஆவியாக மூச்சில் ஏறிக்கொண்டே இருந்தால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

இதைச் சுத்தம் செய்யும் முறை பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். அமிலம் விட்டுத் தண்ணீரைப் புளிப்பாக்கி, மெட்டாபைசல்பைட் போட்டுக் கலக்கினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் மறைந்து பச்சை வரும். ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறனுக்கு இறங்கிவிட்டது என்பதற்கு அந்தப் பச்சைதான் அடையாளம். நச்சுத்தன்மை பல மடங்கு குறைந்த நிலை அது. பிறகு சுண்ணாம்பு போட்டால் பச்சைத் துகள்கள் திரண்டு அடியில் படியும். அந்தச் சகதியை ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து, கட்டியாக்கி, கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தாலும் தண்ணீரில் மிச்சம் இருக்கும். பிளேட்டிங் கரைசலில் சேர்க்கும் சிட்ரேட் போன்ற பொருட்கள் நிக்கல் அயனியை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. சுண்ணாம்பு போட்டாலும் அது படிய மறுக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். நீர்நிலையில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரை நிக்கல் இருக்கலாம். இந்தியக் குடிநீர்த் தரம் அனுமதிப்பது 0.02 மில்லிகிராம். 150 மடங்கு இடைவெளி. சட்டத்தை மீறாத பட்டறையிலிருந்தும் இந்தக் கடைசி மில்லிகிராம்கள் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைச் சுண்ணாம்பால் பிடிக்க முடியாது. அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு ஒட்டிக்கொள்ளும் ஒரு பரப்பு வேண்டும்.

களிமண்ணிடம் அந்தப் பரப்பு இருக்கிறது. எல்லாக் களிமண்ணிடமும் ஒரே அளவில் இல்லை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துச் செம்மண்ணில் பெரும்பாலும் கேயோலினைட் வகைக் களிமம். அது சாதுவானது, நனைந்தாலும் பெரிதாக ஊதாது. கோவில்பட்டிக் கரிசலை நினைத்துப் பாருங்கள். மழையில் ஊதி, வண்டிச் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். கோடையில் கால் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். கரிசலின் இந்த வீம்புக்குக் காரணம் அதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிமம். பிரான்சின் மான்ட்மோரில்லோன் என்ற ஊரின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதுவே செறிந்து கிடைக்கும் மண்ணைப் பென்டோனைட் என்கிறோம். கட்டடத்துக்குப் பைலிங் போடுபவர்களுக்கும் ஃபவுண்டரிக்காரர்களுக்கும் அது அன்றாடப் பொருள். நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதி அதற்குப் பேர்போனது.

மான்ட்மோரில்லோனைட்டின் ஒரு துகளுக்குள் போய்ப் பார்த்தால், அப்பளக் கட்டு மாதிரி தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒரு தகட்டின் தடிமன் சுமார் 1 நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டு பக்கமும் சிலிக்கா, நடுவில் அலுமினா. மண் உருவான காலத்தில் நடுவில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மெக்னீசியம் வந்து உட்கார்ந்துவிட்டது. அலுமினியத்துக்கு மூன்று நேர்மின்னூட்டம், மெக்னீசியத்துக்கு இரண்டுதான். அந்த ஒன்று குறைந்ததால் தகடு முழுக்க எதிர்மின்னூட்டம் ஏறிக்கிடக்கிறது. அதைச் சமன்செய்ய சோடியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் தகடுகளுக்கு நடுவே வந்து தங்குகின்றன. அவை அங்கே நிரந்தரமாகக் கட்டுண்டவை அல்ல. வலுவான இன்னொரு அயனி வந்தால் இடத்தைக் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் போய்விடும்.

இந்த இடமாற்றத்தை முதலில் முறையாக அளந்தவர் இங்கிலாந்தின் ஜான் தாமஸ் வே. வேளாண் சங்கம் ஒன்றின் வேதியியலாளர். உரம் மழையில் கரைந்து போகாமல் மண் எப்படிப் பிடித்து வைக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அம்மோனியம் உப்புக் கரைசலை மண்ணின் மேல் ஊற்றினார். கீழே வந்தது கால்சியம் உப்புக் கரைசல். அம்மோனியம் உள்ளே தங்கிவிட்டது, கால்சியம் வெளியே வந்துவிட்டது. 1850இல் அவர் இதை வெளியிட்டார். இன்று வீட்டில் கடின நீரை மென்னீராக்கும் கருவிவரைக்கும் அந்தக் கண்டுபிடிப்பின் பிள்ளைகள்தான்.

பரப்பும் சாதாரணமில்லை. தகடுகள் முழுவதும் பிரிந்து விரிந்தால் ஒரு கிராமுக்கு 700 முதல் 800 சதுர மீட்டர் வரை வரும். ஆறு கிராம் மண்ணைத் தகடு தகடாக விரித்தால் ஒரு ஏக்கரை மூடிவிடலாம். நல்ல பென்டோனைட் 100 கிராம், கணக்குப்படி சுமார் 3 கிராம் நிக்கலைப் பிடிக்கும். கேயோலினைட் பிடிப்பது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

இதை நேரில் பார்க்க வேண்டும் என்றால் கோவையில் ஏதாவது ஒரு ஃபவுண்டரியின் மணல் பரிசோதனைக் கூடத்துக்குப் போகலாம். வார்ப்பு மணலில் பென்டோனைட் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று தினமும் பார்ப்பார்கள். மணலைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டை வடிதாளில் வைப்பார்கள். முதலில் தாளில் கருநீலப் புள்ளி மட்டும் இருக்கும். சுற்றிலும் வெறும் ஈரம். நேர்மின்னூட்டம் கொண்ட சாயத்தைக் களிமண் முழுவதும் விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு கட்டத்தில் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வளையம் ஒன்று தோன்றும். மண்ணில் இனி இடமில்லை, சாயம் வெளியே கசிகிறது என்று அர்த்தம். அணுக்களின் உலகில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் ஒரு துண்டுத் தாளில் கண்ணுக்குத் தெரியும் இடம் அது.

நிக்கலுக்குச் சரி. குரோமியத்துக்கு? ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் குரோமேட்டாக உலவுகிறது. அதன் மின்னூட்டம் எதிர். களிமண்ணும் எதிர். ஒன்றையொன்று தள்ளும். இங்கேதான் மண்ணை மாற்றும் வித்தை தொடங்குகிறது. தலைமுடிக்குப் போடும் கண்டிஷனரிலும், புண் கழுவும் கிருமிநாசினியில் இருக்கும் செட்ரிமைடிலும் ஒரு வகை மூலக்கூறு உண்டு. நேர்மின்னூட்டம் கொண்ட தலை, எண்ணெயை ஒத்த நீண்ட வால். இதைக் களிமண்ணோடு கலந்தால் தலைகள் சோடியத்தை வெளியேற்றிவிட்டுத் தகட்டில் ஒட்டிக்கொள்கின்றன. வால்கள் தகடுகளை அகட்டிக்கொண்டு நிற்கின்றன. தண்ணீரை விரும்பிய மண் இப்போது எண்ணெயை விரும்புகிறது. பென்சீனும் ஃபீனாலும் கிரீஸும் போய் வால்களுக்கு நடுவில் ஒளிந்துகொள்கின்றன. இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சேர்த்தால் இரண்டாவது அடுக்கு உருவாகும். வாலோடு வால் கோத்து, தலைகள் வெளிப்பக்கம் பார்த்து நிற்கும். மண்ணின் வெளிப்பரப்பே நேர்மின்னூட்டத்துக்கு மாறிவிடும். அதுவரை விலகி ஓடிய குரோமேட் இப்போது வந்து ஒட்டும்.

வேறு மாற்றங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனம் 1990களில் பென்டோனைட்டில் லாந்தனம் என்ற உலோகத்தை ஏற்றியது. லாந்தனம் பாஸ்பேட்டைப் பிடித்தால் விடாது. ஃபாஸ்லாக் என்ற பெயரில் அந்த மண் சந்தைக்கு வந்து, ஐரோப்பிய ஏரிகளில் பாசியை அடக்கத் தூவப்பட்டது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளூரைடும் எதிர்மின் அயனிதான். பற்களில் பழுப்புக் கறையும் வளைந்த எலும்புகளும் இந்தப் பகுதிக்குப் பழைய துயரம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. அலுமினியமோ லாந்தனமோ ஏற்றிய களிமண் ஃபுளூரைடையும் பிடிக்கும். எந்த நஞ்சு என்று தெரிந்துகொண்டுதான் மண்ணைத் தயார் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் பிடிக்கும் ஒரே மண் கிடையாது.

சரி, தயார் செய்த மண்ணைக் கழிவுநீரில் கொட்டினால்? கலங்கிய நீர் தெளியவே தெளியாது. தகடுகள் அவ்வளவு மெல்லியவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கும். வடிகட்டினால் துணி அடைத்துக்கொள்ளும். குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசிக் கலங்கல் நீரைத் தெளியவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கலித்தொகை காலத்திலேயே தெரிந்த விஷயம் அது. கொட்டையில் இருக்கும் இயற்கைப் பாலிமர்கள் களிமண் துகள்களைச் சேர்த்துக் கட்டி இறக்குகின்றன. களிமண்ணும் பாலிமரும் ஒன்றையொன்று விரும்பும் என்பதை நம் முன்னோர் குடத்தடியில் பார்த்திருக்கிறார்கள். ஹைட்ரோஜெல் அந்த உறவின் இன்றைய வடிவம்.

ஹைட்ரோஜெல் என்பது வலைபோலப் பின்னிய பாலிமர். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டும் கரையாமல் நிற்கும். குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் தூள் அதுதான். அதன் குறை, வலுவில்லாமை. ஊதியபின் விரலால் அழுத்தினால் உடைந்துவிடும். தண்ணீர் வேகமாக ஓடும் குழாயில் வைத்தால் நொறுங்கிவிடும். 2002இல் ஜப்பானின் கசுதோஷி ஹராகுச்சி, வலையின் முடிச்சுகளாக வேதிப்பொருளுக்குப் பதில் களிமண் தகடுகளையே வைத்துப் பார்த்தார். கிடைத்த ஜெல், தன் நீளத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் இழுத்தாலும் அறவில்லை. களிமண்ணுக்குத் தங்க ஒரு வீடு கிடைத்தது, ஜெல்லுக்கு எலும்பு கிடைத்தது. மண் தனியாகவும் கூழ் தனியாகவும் செய்ய முடியாததை இரண்டும் சேர்ந்து செய்கின்றன.

கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பிற்பகலில் இதைச் செய்துவிடலாம். கடல்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட்டை நூற்றுக்கு இரண்டு பங்கு தண்ணீரில் கரைத்தால் கஞ்சிப் பதத்தில் வரும். அதில் பென்டோனைட்டைக் கலக்கி, சிரிஞ்சில் எடுத்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒவ்வொரு சொட்டும் விழுந்த கணத்திலேயே தோல் கட்டி, உருண்டு, அடியில் போய் நிற்கும். சோடியம் இருந்த இடத்தில் கால்சியம் வந்து இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துக் கட்டிவிடுகிறது. சில மணி நேரம் ஊறவிட்டால் உள்ளேயும் கெட்டிப்படும். சாம்பல் நிற மணிகள். விரலில் வைத்து அழுத்தினால் எதிர்த்து அமுங்கும். ஒரு குழாயில் நிரப்பி மேலிருந்து நீரை விட்டால் கீழே தெளிவாக வரும். வடிகட்டும் வேலையே இல்லை.

இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் இதே வேலைக்கு உதவும். புளிப்பு நீரில் அதன் அமினோ முனைகள் நேர்மின்னூட்டம் பெறும், குரோமேட்டை இழுக்கும். இரண்டு மூலப்பொருளும் நம் கடற்கரையில் கிடைப்பவை. ராணிப்பேட்டையில் கடல்பாசியிலிருந்து ஆல்ஜினேட் தயாரிக்கும் ஆலை இருக்கிறது. அதே ராணிப்பேட்டையில்தான் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு, லட்சம் டன்னுக்கும் மேல் மலையாகக் கிடந்து பாலாற்றுப் பக்கத்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. நஞ்சும் அதைப் பிடிக்கும் பொருளும் ஒரே ஊரில்.

கனிமத்தையும் உயிர்ப் பாலிமரையும் சேர்ப்பது ஆய்வகத்தோடு நின்றுவிடும் சங்கதி என்று நினைக்க வேண்டியதில்லை. சென்னை ஐஐடியில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு கைட்டோசானோடு உலோக ஆக்சிஹைட்ராக்சைடுகளைச் சேர்த்து உருவாக்கிய குருணைகள் 2013இல் ஆய்விதழில் வெளிவந்தன. அந்த வழியில் வந்த அம்ரித் தொழில்நுட்பம் ஆர்சனிக் கலந்த ஊர்களின் குடிநீரைச் சுத்தம் செய்யப் போயிருக்கிறது. ஓசூரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சூர்யசாரதி போஸ் குழு 2024இல் மூன்று பாலிமர்களைப் பின்னிய ஹைட்ரோஜெல்லால் தண்ணீரிலிருந்து நுண்பிளாஸ்டிக்கை எடுத்துக் காட்டியது.

அப்படியானால் கெலவரப்பள்ளியில் இந்த மணிகளைக் கொட்டினால் என்ன? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அணைக்கு விநாடிக்கு 500 கன அடி நீர் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குச் சுமார் 122 கோடி லிட்டர். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அழுக்கை மட்டும் எடுப்பது என்றாலும் ஒரு நாளைக்கு 1,200 கிலோ. ஒரு கிராம் மணி 30 மில்லிகிராம் பிடிக்கும் என்று தாராளமாக வைத்தால் தினமும் 40 டன் மணிகள் வேண்டும். மறுநாள் இன்னொரு 40 டன். இது நடக்காது. அந்த நுரைக்கு மருந்து, கழிவுநீர் ஏரியில் விழுவதற்கு முன்பே பெங்களூரில் அதை ஒழுங்காகச் சுத்திகரிப்பதுதான். அணையோரம் எந்த அதிசயப் பொருளை வைத்தாலும் அந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது.

ஒரு சிறு பிளேட்டிங் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 10,000 லிட்டர் கழிவுநீர். சுண்ணாம்புச் சுத்திகரிப்புக்குப் பிறகு லிட்டருக்கு 3 மில்லிகிராம் நிக்கல் மிச்சம் என்றால் மொத்தமே 30 கிராம்தான். அதே கணக்கில் ஒரு கிலோ மணி போதும். அடக்கமான ஒரு குழாய், ஒரு மூலையில். என்ன நஞ்சு என்று தெரியும், எவ்வளவு என்று தெரியும், புளிப்பைக் கூட்டலாம் குறைக்கலாம். மணியின் இடம் அதுதான். அதற்கு முதல் நிபந்தனை, நிக்கல் தண்ணீர் தனி, குரோம் தண்ணீர் தனி, கழிப்பறைத் தண்ணீர் தனி என்று குழாய்களைப் பிரித்துப் போடுவது. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கலந்துவிட்டால் எந்த மணியும் திணறும்.

ஏன் திணறும் என்பதை ஆய்வு மாணவர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இந்தத் துறையில் வரும் கட்டுரைகளில் மிகப் பல, வாலைவடிநீரில் மெத்திலீன் புளூவைக் கரைத்து, 95 சதவீதம் நீங்கியது என்று முடித்துவிடுகின்றன. நேர்மின் சாயத்தை எதிர்மின் மண் விழுங்குவதில் வியப்பில்லை. ஃபவுண்டரியில் அதைத் தினமும் பார்க்கிறார்கள். உண்மையான கழிவுநீரில் நிக்கல் 3 மில்லிகிராம் என்றால் கால்சியமும் சோடியமும் நூற்றுக்கணக்கான மில்லிகிராம். அவையும் அதே இடங்களுக்குத்தான் வருகின்றன. சோடியம் அதிகமான நீரில் ஆல்ஜினேட் மணியின் கால்சியம் கட்டே தளரும். கடும் புளிப்பில், குறுக்குக்கட்டு சரியாகப் போடாத கைட்டோசான் கரைந்துவிடும். கண்டிஷனர் மூலக்கூறு ஏற்றிய மண்ணிலிருந்து அது கசிந்தால் மீனுக்கு ஆகாது. நிறைந்துபோன மணியை அமிலத்திலோ காரத்திலோ கழுவி மறுபடி பயன்படுத்தலாம். கழுவிய நீரில் நிக்கல் செறிந்து வரும். அதை டேங்குக்கே திருப்ப முடிந்தால் பட்டறைக்கு லாபம். ஆனால் ஒவ்வொரு கழுவலிலும் மணியின் பிடிமானம் குறையும். கடைசியில் தூக்கிப் போடும் மணி அபாயக் கழிவு. கழிவுநீரிலிருந்து எடுத்த நஞ்சைக் குப்பைமேட்டில் சேர்த்தால் அடுத்த மழையில் அது ஆற்றுக்கே வந்துவிடும்.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வேதியியலும் சுற்றுச்சூழல் பொறியியலும் படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் புராஜெக்ட்டுக்கு வாலைவடிநீரை விட்டுவிட்டு, பக்கத்துப் பிளேட்டிங் பட்டறையில் கேட்டு ஒரு கேன் உண்மையான கழிவுநீரை வாங்கி வாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அறிக்கையில் நீங்கிய சதவீதத்தோடு இன்னும் மூன்று எண்களை எழுதுங்கள்: பத்தாவது கழுவலுக்குப் பிறகு மணி எவ்வளவு பிடித்தது, ஆயிரம் லிட்டருக்கு என்ன செலவு, தீர்ந்துபோன மணி எத்தனை கிராம், அது எங்கே போனது. அந்த மூன்று எண்களும் இருந்தால் சிப்காட்டில் ஒரு பட்டறை முதலாளி உங்களை உட்கார வைத்துப் பேசுவார்.